கண் மூடிய ராணி

மடியில் ஈரம் பட்டதும் அவள் சட்டென்று கரண்டியை நிமிர்த்திப் பிடித்தாள். பிடித்து என்ன, அதில் ஒரு சொட்டுப் பால்கூட மிச்சமில்லை. எல்லாம் அவள் மடியில் கொட்டித் துணியோடு ஒட்டிப்போயிருந்தது. "கொஞ்சம் இருங்க, இன்னும் ஒரு வாய்தான்" என்று சொல்லிக்கொண்டே டம்ளருக்குள் கரண்டியை விட்டாள். கரண்டியின் நுனியில் பாலாடை தட்டியது. டம்ளர் முழுக்க அது தடிமனாகப் படர்ந்து கிடந்தது.

ஆடையே இல்லாமல் நன்றாக ஆற்றி, வடிகட்டி எடுத்து வந்த பால் அது. மறுபடி இவ்வளவு ஆடை எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான், தான் தூங்கிவிட்டது அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள்.

பால் கொடுக்கும்போது அவள் பக்கம் பார்த்துப் படுத்திருந்த கணவர், இப்போது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். தோளைத் தொட்டாள். பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் இயந்திரத்தை நிறுத்தினாள். வாரக்கணக்கில் அந்தச் சத்தத்துக்குள்ளேயே குடியிருந்தவளுக்கு, அது நின்றதும் வீடு யாரோ அந்நியர் வீடு மாதிரி இருந்தது.

முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்று கேட்டால் தன் மேல்தான். எத்தனை நாள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு நேர் எதிராகப் போட்டு, அவர் முகம் தெரிகிற மாதிரி சரிபார்த்து வைத்த நாற்காலி. குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்தவில்லை. வேலை செய்யும் பாடப்புத்தகக் கம்பெனியில் வர முடியாது என்று சொல்லிவிட்டு, அச்சுப்பிழை பார்க்க வேண்டிய தாள்களை வீட்டுக்கே வரவழைத்து, ஒரு வரி தாளில், ஒரு வரி அவர் முகத்தில் என்று பார்த்து வந்தாள். அன்று காலை நர்ஸ் வந்து பார்த்துவிட்டு வாசலில் வைத்து, "இன்னைக்கு எங்கயும் போகாதீங்க, பக்கத்துலயே இருங்க" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். இவளும் பக்கத்தில்தான் இருந்தாள். கையில் கரண்டியோடு, வாயைத் திறந்துகொண்டு, பட்டப்பகலில் தூங்கிக்கொண்டு இருந்தாள்.

போனில் சொன்னதும் நர்ஸ் வந்துவிட்டாள். கையைப் பிடித்துப் பார்த்தாள், இமையைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"எப்ப போச்சு?"

"இப்பதான்."

நர்ஸ் இன்னும் அவர் கையை விடவில்லை. அந்தக் கையின் குளிர்ச்சி அவளுக்கு என்ன சொன்னதோ, மேற்கொண்டு கேட்கவில்லை. மேசை மேலிருந்த டம்ளரைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீர் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது, டாக்டருக்குத் தானே சொல்லிவிடுவதாக மட்டும் சொன்னாள்.

அடுத்து நாத்தனாருக்குப் போன் போட வேண்டியிருந்தது. கணவரின் அக்கா. பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைக் குளிப்பாட்டி, தலைவாரி, அடித்து, படிக்கவைத்து ஆளாக்கியவள். பக்கத்து ஊரில் இருந்தாள். முந்தின நாள்தான் வந்து பார்த்துவிட்டு, துணிமணி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று ஊருக்குப் போயிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கேட்டது இதைத்தான்.

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன் அண்ணி."

"பாத்துட்டு இருந்தியா?"

"ம்."

முதல் பதில் பொய்யில்லை. இரண்டாவதைப் பதில் என்றே சொல்ல முடியாது, வெறும் ஒரு சத்தம். ஆனால் மறுமுனையில் நாத்தனார் விட்ட மூச்சைக் கேட்டபோது, அந்தச் சத்தத்தை இனித் திருப்பி வாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

பாத்துட்டு இருந்தியா என்று நாத்தனார் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை அது. அந்தக் குடும்பம் என்ன, ஊரில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் சோறு ஊட்டும்போது சொல்லப்பட்ட கதைதான். ஒரு ராஜாவைத் தேடிச் சாவு வருகிறது. வாசலில் ராணி மறிக்கிறாள். அவள் அழுகையைப் பார்த்து மனம் இரங்கிய சாவு ஒரு வாக்குக் கொடுக்கிறது. உன் கண் அவன்மேல் இருக்கும்வரை தொடமாட்டேன், பிறை தெரிகிறவரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் விட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்கிறது. ராணியும் இமை கொட்டாமல் பார்க்கிறாள். பகலாகிறது, இரவாகிறது, அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறை தெரிய வேண்டிய நாளின் சாயங்காலம், ஒரே ஒரு நொடி அவள் கண் மூடிவிடுகிறது. திறந்தால் ராஜா இல்லை. அந்தப் பாவத்துக்கு அவளை ஊர்க்காரர்கள் ஏரிக்கரைக்குத் துரத்த, அவள் தண்ணீரில் இறங்கி மீனாகிவிடுகிறாள். அதனால்தான் மீனுக்கு இமையே கிடையாது என்று கதையை முடித்து, கடைசிக் கவளத்தை வாயில் திணிப்பார்கள். வேலையில் அசந்துவிடுகிற பெண் பிள்ளைகளைக் "கண்மூடி ராணி" என்று திட்டுவதும் உண்டு.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தக் கதை மேல் ஆத்திரம். அத்தனை நாள் பார்த்தது கணக்கில் இல்லை, ஒரு நொடி மூடியது மட்டும் கதையாகிவிட்டது என்று. அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்துக் கண் நோகிறவள், ஒரு வருஷம் தானே உட்கார்ந்து எழுதினாள். மீனாகிவிட்ட ராணி ஏரிக்கு அடியிலிருந்து தன் கதையைச் சொல்வதாக ஒரு குறுநாவல். இமை கொட்டாமல் பார்த்தால் உலகம் எப்படி இருக்கும் என்பதை எழுதினாள். கண்ணில் எரிச்சல் வந்து, நீர் வற்றி, எதிரே இருக்கும் முகம் முகமாகத் தெரியாமல் கரைந்துபோவதை எழுதினாள். கடைசியில் ராணியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியும் விட்டாள். அவளுடைய கதையில் ராணி தூங்கவே இல்லை. சாவுக்கு ஒத்தாசையாகக் காற்று வந்து, அவள் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிடுகிறது.

புத்தகம் வந்தது. யாரும் வாங்கவில்லை. பதிப்பகத்தார் இடமில்லை என்று மிச்சத்தைக் கட்டுக்கட்டாக வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அவை கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, தலைமாட்டை உயர்த்தி வைக்கச் சொன்னபோது, அந்தக் கட்டுகளைத்தான் கட்டில் காலுக்கு அடியில் கொடுத்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. "பாத்தியா, உன் புத்தகம்தான் என்னைத் தாங்குது" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், கொஞ்சம் வலித்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை மட்டும் வேலைக்குக் கொண்டு போய், மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடித்தார். பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் விரல். முடித்த அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"நல்லா இருக்கு. ஆனா அந்த ராஜாவ யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"என்ன கேக்கணும்?"

"இப்படி வெச்ச கண் வாங்காம ஒருத்தி பாத்துட்டே இருந்தா அவனுக்கு எப்படி இருக்கும்னு."

"இது ராணியோட கதை. ராஜா கதையத்தான் ஊரே சொல்லிட்டு இருக்கே."

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒரு பெண் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஒரு புத்தகம் முழுக்க இடம் எடுத்துக்கொண்டால், வீட்டில் இருக்கிற ஆணுக்கு அதிலும் ராஜாதான் கண்ணில் படுகிறான் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. நாத்தனாரும் படித்தாள். அவள் சொன்னது வேறு: "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா காத்து மேல பழிய போட்டுட்டியே. தூங்கினா, தூங்கிட்டான்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?"

நாத்தனார் வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேராகத் தம்பியிடம் போனாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி நேராக்கினாள். அழுதாள், சத்தமில்லாமல். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். அவள் சுபாவம் அப்படி. தலைமாடு மேடாக இருக்கிறதே, படுக்கையைச் சமமாக்க வேண்டாமா என்றாள். எதிர்வீட்டுக்காரரும் நாத்தனாரும் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, அவள் குனிந்து கட்டுகளை இழுத்தாள். மேலாக இருந்த பிரதியின் அட்டையில் ராணியின் முகத்தைச் சுற்றிக் கட்டில் காலின் வட்டம் ஆழமாகப் பதிந்திருந்தது. அதைக் கவிழ்த்து மூலையில் வைத்தாள்.

எதிர்வீட்டுக்காரர் போனதும் நாத்தனார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லு. கண்ண திறந்தானா?"

அவளால் அப்போதே சொல்லியிருக்க முடியும். வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கிழக் கண்கள், பஸ்ஸில் வழி முழுக்க அழுது சிவந்த கண்கள், பசித்த குழந்தை தட்டைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கதை கட்டிப் பழகிய மூளை வேறு. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தது.

"திறந்தாரு. அக்கா வந்துட்டாளான்னு கேட்டாரு."

"என்னையா?"

"உங்களத்தான்."

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த அழுகையில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. நேற்று ஊருக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று வழி முழுக்கத் தன்னைத் தானே அறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் பாவம். அவளுக்கு இதைக் கொடுத்ததில் என்ன தப்பு என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கொடுத்த கையோடு, அந்த அறையில் உண்மையோடு தான் மட்டும் தனியாக நிற்பது தெரிந்தது.

அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் நாத்தனார் அதைச் சொன்னாள். மாடி வீட்டம்மாவுக்குச் சொன்னாள், போனில் விசாரித்தவர்களுக்குச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை கூடியது. "அக்கா கிளம்பிட்டாளா, பஸ் கிடைச்சுதா" என்று அவர் கேட்டதாக ஆயிற்று. பிறகு சிரித்ததாகவும் ஆயிற்று. சமையலறையில் வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தவள், தன் வரி கைமாறிக் கைமாறித் திருத்தப்பட்டு வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் எந்தத் திருத்தம் நன்றாக இருக்கிறது என்றுகூட ஒரு மனம் யோசித்தது. அப்படி யோசித்ததற்காகத் தன்னை வெறுத்தாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்தபோது, நாத்தனார் எல்லோருக்கும் முன்னால் அவள் தலையைத் தடவினாள்.

"அந்தக் கதையில வர்ற ராணி கண்ண மூடினா. இவ மூடல."

மாடி வீட்டம்மா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் தட்டை இறக்கிவைத்துவிட்டு, சர்க்கரை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனாள். சர்க்கரை தட்டிலேயே இருந்தது. சமையலறை மேடையில் கழுவிக் கவிழ்த்த பால் டம்ளர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே சாட்சி அதுதான், அதையும் நர்ஸ் கழுவிவிட்டாள்.

அப்போதுதான் நெட்டை வந்தான். ஆள் குள்ளம். எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவான். அதனாலேயே அவர் அவனுக்கு நெட்டை என்று பேர் வைத்தார். அவரோடு ஒரே கம்பெனியில் லிஃப்ட் வேலை செய்து, அவரிடமே தொழில் கற்றவன், அவனுக்கே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்து, மற்றவர்களோடு உட்காரப் பிடிக்காமல் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டான். கருவிப்பை பக்கத்தில் இருந்தது. அவள் தேநீர் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமல் வைத்திருந்தான். பிறகு, தானாகவே பேச ஆரம்பித்தான். ஒரு தடவை ஒரு பெரிய ஓட்டல் முதலாளி, லிஃப்டை எப்படிச் சரிபண்ணுகிறார்கள் என்று பார்க்க வந்து நின்றாராம். இவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, தேநீர் வாங்கி வரச் சொல்லிக் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். முதலாளி சலித்துப் போய்க் கிளம்பின பிறகுதான் கையை வைத்தாராம்.

"யாராவது பாத்துட்டு இருந்தா மாஸ்டருக்குக் கை ஓடாதுக்கா. என்னையே பாக்க விடமாட்டாரு. டார்ச்ச தோள்மேல வெச்சுட்டு செவுத்த பாத்து நில்லும்பாரு. அவர்கிட்ட நின்னு தொழில் கத்துக்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்றேன். நான் பாத்ததெல்லாம் செவுருதான்."

அவள் சிரித்துவிட்டாள். அன்று முதல் தடவையாக. அவருடைய அந்தக் குணம் அவளுக்குத் தெரியாதா என்ன. ஊசியில் நூல் கோக்கக்கூட முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆள். கல்யாணமான புதிதில் சட்டைப் பொத்தான் தைக்க உட்கார்ந்தவர், அவள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்ததற்காக, கடைக்குப் போய் ஏதாவது வாங்கி வா என்று அனுப்பிவைத்தார். என்ன வாங்க என்று கேட்டதற்கு, எதையாவது என்றார்.

"போன தடவை வந்தப்பகூட அதேதான்," என்றான் நெட்டை. "நீங்க பால் காய்ச்ச இந்தப் பக்கம் வந்தீங்க. அவரு என்னைக் கிட்ட கூப்பிட்டு, 'எந்நேரமும் பாத்துட்டே இருக்காடா, மனுஷன் ஒரு நட்டு கழட்ட முடியுதா'ன்னாரு. நான் சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சாரு. உடனே இருமல் வந்துருச்சு."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் இல்லக்கா. நீங்க வந்துட்டீங்க."

நெட்டை தேநீரைக் குடித்தான். அவன் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. போய் எதையாவது வாங்கி வா என்று அந்தக் காலத்தில் சொன்ன மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பாளா? போயிருக்க மாட்டாள். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் இமை கொட்டாமல் பார்த்து அவரைத் தாங்கிப் பிடித்திருப்பதாக நினைத்திருந்தாள். அவரோ எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பொறுத்துக்கொண்டு, அவள் எப்போது கண் அசருவாள் என்று காத்திருந்திருக்கிறார். அப்படித்தான் என்று யார் சொல்ல முடியும்? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. கேட்டிருக்க வேண்டிய காலத்தில், இது ராணியோட கதை என்று சொல்லி அவள்தான் அவர் வாயை அடைத்தாள்.

மாடி வீட்டம்மாவும் மற்றவர்களும் கிளம்பிப்போன சிறு இடைவெளியில், நாத்தனார் கட்டிலருகே துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டைகள். அவள் எதிரே போய் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தாள். மடிக்கவில்லை.

"அண்ணி, நான் தூங்கிட்டேன்."

"தூங்கு. நான் இருக்கேன்ல, கொஞ்ச நேரம் படு."

"இப்ப இல்ல. அப்ப. பால் குடுத்துட்டே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா முடிஞ்சுபோச்சு."

நாத்தனாரின் கை நின்றது. வெளியே எங்கோ லிஃப்ட் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப, என்னைக் கேட்டது?"

"கேக்கல அண்ணி. அது நானா சொன்னது."

நாத்தனார் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குத் தயாராகத்தான் வந்து உட்கார்ந்தாள். நாத்தனாரோ மடிப்பிலேயே கண்ணாக இருந்தாள். கையிலிருந்த சட்டையின் கழுத்துப்பட்டையை நீவினாள். கையை உள்ளே மடித்தாள், நடுவில் மடித்தாள், அடுக்கின்மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த சட்டையை எடுத்தாள். இவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில், அவரோடு வேலை செய்த இன்னும் இரண்டு பேர் மனைவிமாரோடு வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி, கஷ்டப்படாமல் போனாரா என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"ஒரு கஷ்டமும் இல்லம்மா," என்றாள் நாத்தனார். "கண்ண திறந்து பாத்தான். அக்கா வந்துட்டாளான்னு கேட்டான்."

பழைய வரி. பஸ்ஸும் இல்லை, சிரிப்பும் இல்லை, முதலில் அவள் கொடுத்த வரி மட்டும். அதைச் சொல்லும்போதும் நாத்தனார் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளைக் காப்பாற்றச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. எப்படியானாலும் அந்த வரி இனி நாத்தனாருடையது. தூக்கம் மட்டும்தான் அவளுடையது. பங்கு பிரித்துக்கொண்ட மாதிரி இருவரும் அவரவர் பங்கோடு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

இருட்டும் நேரத்தில் அவரைக் கொண்டுபோக வண்டி வந்தது. வண்டிக்காரர்கள் இரண்டு பேர் ஸ்டிரெச்சரோடு மேலே வந்து, லிஃப்டை அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த லிஃப்டில் நின்றுகொண்டு போகலாம், படுத்துக்கொண்டு போக முடியாது. படிக்கட்டு குறுகல், திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்டிரெச்சரைத் தூக்கி நிமிர்த்த வேண்டியிருக்கும் என்றார்கள். நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை.

"அவனை நிக்க வெச்சா கொண்டு போவீங்க?"

"வேண்டாம்," என்றான் நெட்டை. "பின்னாடி எடம் இருக்கு."

லிஃப்டின் பின் சுவராகத் தெரிந்தது சுவர் இல்லை, பலகை. ஸ்டிரெச்சர் போகவேண்டி வந்தால் கழற்றுவதற்கென்றே அதற்குப் பின்னால் ஓர் ஆள் கால் நீட்டும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த லிஃப்டைப் பராமரித்ததும் அவர்தான். பலகையை நட்டுகள் இறுக்கிப் பிடித்திருந்தன. யாரும் திறந்து வருஷக்கணக்காகியிருக்க வேண்டும், எல்லாம் துருவேறிக் கிடந்தன. போதாக்குறைக்கு உள்ளே விளக்கு மங்கல். நெட்டை முழங்காலில் உட்கார்ந்து கருவிப்பையைத் திறந்தான். ஸ்பேனரை எடுத்தான். டார்ச்சை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தான்.

அவள் போய் வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் ஸ்டிரெச்சரில் அவரைக் கிடத்தி, லிஃப்ட் வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்கள். நடைபாதை முழுக்க ஆட்கள். முகம் இன்னும் மூடப்படவில்லை. பலகை கழன்றதும் உள்ளே ஏற்றிவிடுவோம், அதற்கு முன்னால் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டிக்காரர் சொன்னார். மாடி வீட்டம்மா அவள் தோளைத் தொட்டாள். "நல்லா பாத்துக்கோம்மா, கடைசியா ஒரு தடவை." நாத்தனார் அந்தப் பக்கம் நின்று, சட்டை மடித்த நேரத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

அவள் லிஃப்டுக்குள் போய், டார்ச்சைத் தோள்மேல் வைத்து, வெளிச்சம் பின்பலகைமேல் விழும்படி சாய்த்துக்கொண்டாள். பிறகு பக்கவாட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மூக்குக்கு நேரே, சாம்பல் நிறப் பெயிண்டில் யாரோ சாவியால் கீறிய கோடு ஒன்று இருந்தது.

"சரியா விழுதா?" என்று கேட்டாள்.

"விழுதுக்கா," என்றான் நெட்டை.

ஸ்பேனர் மாட்டுகிற சத்தம் கேட்டது. துரு நெறிபட்டது. அவளுக்குக் கை வலித்தது, டார்ச்சை அசையாமல் பிடித்துக்கொண்டாள். முதல் நட்டு கழன்று தரையில் விழுந்து, உருண்டு வந்து அவள் காலில் இடித்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.